சமமான தொகை நீதியான தொகையா?

ஒரே நோய்க்கு நாடெங்கும் ஒரே தொகை வழங்குவதே நீதி என்று முதற்பார்வைக்குத் தோன்றும். அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்கெனச் சட்டமான மெடிகேர் காப்பீடு, 1983 முதல் ஏறத்தாழ இவ்வழியே சென்றது: நோயின் வகைக்கேற்ப முன்கூட்டியே வரையறுத்த தொகையை மருத்துவமனைகளுக்கு வழங்கிற்று. ஆயினும் அலாஸ்காவையும் ஹவாயையும் அந்த ஒற்றை அளவுகோலுக்குள் அடக்க இயலவில்லை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூர்களிலிருந்து சாலை கிடையாது. மருந்தும் எரிபொருளும் கப்பலில் வரவேண்டும், அல்லது விமானத்தில். எனவே இவ்விரு மாநிலங்களிலும் ஊதியம் சாராச் செலவுப் பகுதிக்கு 25 விழுக்காடு வரை கூட்டித் தர விதி செய்தனர்.

இது சலுகையா, நீதியா? பரிமாற்ற நீதி வேறு, பகிர்வு நீதி வேறு என்றார் புனித தோமா அக்குவினா. கடைத்தெருவின் கொடுக்கல் வாங்கலில் எண்ணுக்கு எண் ஒத்திருக்க வேண்டும்; பொதுச் செல்வத்தைப் பகிர்கையில் விகிதமே சமத்துவம். (அவர் விகிதத்தை அளந்தது சமூகத்தில் ஒருவருக்குள்ள நிலையைக் கொண்டு. தேவையைக் கொண்டு அளக்கக் கற்பது நம் கடன்.)

தொலைவில் வாழ்வது அவரவர் விருப்பந்தானே என்பர் சிலர். யூப்பிக் மக்கள் அமெரிக்கா என்றொரு நாடு தோன்றுமுன்பே அலாஸ்காவில் வாழ்ந்தவர்கள். ஹவாயின் மொலோக்காய்த் தீவுக்கோ 1866 முதல் தொழுநோயாளரை அரசே நாடுகடத்தியது. 1873-இல் புனித தமியான் அங்குச் சென்றது அவர்களைத் தேடித்தான். அவர்களுள் யார் அத்தொலைவை விரும்பித் தேர்ந்தார்?

மற்றோர் எதிர்வாதம் வலியது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 25 படுக்கைக்கு மிகாத ஒதுக்குப்புற மருத்துவமனைகளுக்கு வரையறுத்த தொகையை விடுத்து, ஆகும் செலவையே ஈடுசெய்ய வகைசெய்தது. செலவெல்லாம் திரும்பி வருமெனில் சிக்கனம் எங்ஙனம் வளரும்? வளராது போகலாம். ஆனால் நோயாளி ஒருவரே வரும் இரவிலும் செவிலியர் விழித்திருக்க வேண்டுமே!

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இம்மருத்துவமனைகளில் புறநோயாளி செலுத்தும் 20 விழுக்காடு, காப்பீடு ஒப்பும் செலவின்மேல் கணக்கிடப்படுவதில்லை. மருத்துவமனை குறிக்கும் விலைப்பட்டியலின்மேல் கணக்கிடப்படுகிறது. அவ்விலையோ உண்மைச் செலவினும் மிகுதி. இம்மருத்துவமனைகளின் புறநோயாளிச் செலவில் ஏறத்தாழப் பாதி நோயாளிகளின் பங்காகவே விழுந்தது என்று 2014-இல் அந்நாட்டு நலவாழ்வுத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கண்டது. மருத்துவமனைக்குத் தொலைவின் சுமையைக் குறைக்க வந்த அதே ஏற்பாட்டில், அங்கு வரும் முதியவர் நகரத்து முதியவரைவிட மிகுதியாகச் செலுத்துகிறார்.