திருவிழா முடிந்த பிறகு

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள். அதையொட்டி மலேசியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அன்னம்மாள் ஆலயத்துக்குக் கூட்டம் வந்து சேரும். 1846இல் தொடங்கிய இந்த ஆலயம் 2019இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நிற்பவர்களில் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக வரும் தாய்மார்கள் ஏராளம். அவர்களோடு பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழுவது ஒரே வேண்டுதல்: "பையன் திருந்தணும் அண்ணே." அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பேரப்பிள்ளைகளைத் தாமே வளர்க்கும் பாட்டிகளும் அந்த வரிசையில் கால்கடுக்க நிற்கிறார்கள்.

திருவிழா முடிகிறது. ஆகஸ்டில் அந்தத் தாயின் வீட்டுக் கதவை யார் தட்டுவது? என்னை நெடுநாளாகக் குடையும் கேள்வி இது. நான் கத்தோலிக்கன். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சிலர், பள்ளியில் பெயர் கெட்டுப்போன பிள்ளைகளையும் அவர்களின் குடும்பங்களையும் வீடு தேடிப் போய்ப் பார்த்து வருகிறோம். புதிய வழி ஒன்றுமில்லை. 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய வழக்கம்தான்: இரண்டு பேராகப் போ, வீட்டுக்குள் போய் உட்கார், பேசுவதைக் கேள்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம் அது. அம்மாவுக்குப் பிறைத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். அப்பா லோரி ஓட்டுகிறார். தெற்கே போனால் திரும்பி வர நாளாகும். பையன் ரிமூவ் கிளாஸில் இருந்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகள் மலாய்மொழிக்காக ஒரு வருஷம் கூடுதலாக உட்காரும் வகுப்பு அது. பள்ளிக்கு வருவதே இல்லை, வந்தாலும் தூங்குகிறான், கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்பது அவனைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது.

நாங்கள் போனபோது காலை எட்டு மணியிருக்கும். அம்மா வேலையிலிருந்து வந்து சீருடைகூட மாற்றவில்லை. ஹாலில் பாட்டியின் கட்டில். சர்க்கரை வியாதியில் காலில் புண், கணுக்கால்வரை துணிக்கட்டு. என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற தாதி. அவர் கண் நேரே அந்தக் கட்டுக்குத்தான் போனது. இறுக்காமல், தளராமல், நுனியை உள்ளே மடித்துச் செருகி அத்தனை ஒழுங்காகக் கட்டியிருந்தது. "யாரும்மா கட்டினது?" என்றார். அம்மா அறைக் கதவைக் காட்டினார். "அவன்தான்க்கா. கிளினிக்குல பாத்துக் கத்துக்கிட்டான்." ராத்திரி பாட்டியைக் கழிவறைக்குக் கூட்டிப்போவதும் அவன்தான். விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்கிறான். அதற்குள் பள்ளி பஸ் போய்விடுகிறது.

அம்மா அடுத்துக் கேட்டதை மறக்க முடியவில்லை. "அக்கா, கோர்ட்டுல எழுதிக் குடுத்தா இவனக் கொண்டுபோய் வச்சிப் பாத்துக்குவாங்களாமே, நெசமா?"

நிஜம்தான். பிள்ளை தங்கள் கட்டுக்குள் இல்லை என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்க 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 46ஆவது பிரிவு வழிவிடுகிறது. நன்னடத்தை அதிகாரி விசாரித்து அறிக்கை தருவார். அதைப் பார்த்து நீதிமன்றம் பிள்ளையை ஒழுக்கப் பள்ளிக்கோ விடுதிக்கோ அனுப்பலாம். அந்த அம்மாவுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த உடம்பு கேட்ட கேள்வி அது. தாதி சட்டம் பேசவில்லை. "நீ பசியாறிட்டுப் படும்மா. நான் கட்டு மாத்தி விடுறேன்" என்று பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பங்கிலிருந்து இரண்டு பெண்கள் முறைவைத்து விடியற்காலையில் அந்த வீட்டுக்குப் போக ஏற்பாடாயிற்று. பையன் ஒரு மணி நேரமாவது அயர்ந்து தூங்கிப் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேப் புகைப்பதை அவன் விடவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்து கீழே நின்று குரல் கொடுக்கும் பெரிய பையன்களும் போய்விடவில்லை.

அந்தப் பெரிய பையன்களைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தியர் என்று தெரிய வந்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் நாம். அன்று நம் தலைவர்கள் ஆளுக்கு ஓர் அறிக்கை விட்டார்கள். கும்பலின் 'அண்ணன்' அறிக்கை விடுவதில்லை. அவன் தினமும் வருகிறான், சாப்பாடு வாங்கித் தருகிறான், கைப்பேசிக்கு டாப்-அப் போடுகிறான், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிறான். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் தவறாமல் வரும் பெரிய ஆள் அவன் ஒருவன் என்றால், நாம் பேசும் நல்லொழுக்கம் எப்படி ஏறும்?

நாம் வழக்கமாகச் செய்வது தன்முனைப்பு முகாம். பிரச்சினைப் பிள்ளைகளை ஒன்றாகத் திரட்டி, மூன்று நாள் எங்காவது வைத்து, கடைசி இரவில் அழவைத்து அனுப்புவது. நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், சிறுவர்களுக்கு நல்ல பெரியவரின் நட்பு கிடைத்தால் வழிதவற மாட்டார்கள் என்று நம்பி, 1930களில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 506 பையன்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். பாதிப் பேருக்கு ஆலோசகர், வீட்டுச் சந்திப்பு, மருத்துவம், பாடத்தில் உதவி, சராசரியாக ஐந்து வருஷம். மறுபாதிக்கு எதுவுமில்லை. ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் முப்பது வருஷம் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து, 1978இல் எழுதிய முடிவு நெஞ்சை அடைக்கிறது: உதவி பெற்றவர்கள் பல விதங்களில் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்த உதவியை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். பின்னாளில் தரவுகளைத் துருவிப் பார்த்தபோது, கேடு பெரும்பாலும் கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் தெரிந்தது. தடுமாறும் பிள்ளைகளை ஒரே இடத்தில் அடைத்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்கிறான். இதைப் படித்த பிறகு முகாம் நடத்த என்னால் முடியவில்லை.

அப்படியானால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற வழியாவது பலன் தருமா? 1904இல் நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கோல்ட்டர், ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் ஆண்கள் சங்கத்தில் நின்று, ஆளுக்கு ஒரு பையனைப் பொறுப்பேற்கக் கேட்டார். ஏறக்குறைய நாற்பது பேர் முன்வந்தார்கள். 'பிக் பிரதர்ஸ்' என்று பின்னர் பரவிய இயக்கத்தின் வித்து அது. அந்த இயக்கத்தின் பிள்ளைகளை வைத்து கிராஸ்மனும் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: ஒரு வருஷத்துக்குமேல் உறவு நீடித்த பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள், மூன்று மாதத்துக்குள் பெரியவர் விலகிப்போன பிள்ளைகளுக்குத் தன்மதிப்பே குறைந்தது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளையிடம் இன்னொருவர் அன்பு காட்டிவிட்டு மறைவதைவிட, அவர் வராமலே இருந்திருக்கலாம்.

நல்ல சமாரியன் கதையில் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவன் சத்திரக்காரனிடம் காசு கொடுத்து, மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதைப் பற்றிக் கேட்டது குறைவு. எனக்கு அந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அடிபட்டவனின் மதத்தையும் அவன் கேட்கவில்லை.

மதத்தைப் பற்றிய பயம் எங்கள் ஊரில் நியாயமானது. அந்த அம்மாவும் கேட்டார்: "எங்கள சர்ச்சுக்கு வரச் சொல்லுவீங்களா அக்கா?" தாதி சொன்னார்: "நீ எங்கேயும் வரவேணாம்மா. நாங்கதான் வருவோம்." தைப்பூசத்துக்குப் பையன் பால்குடம் எடுத்தபோது, அவன் திரும்பி வரும்வரை பாட்டியோடு இருந்தது எங்கள் பங்குப் பெண் ஒருவர். உதவியைத் தூண்டிலாக்கினால் பிள்ளை அதை எல்லாருக்கும் முன்னால் கண்டுகொள்வான். கும்பலும் அவனை அப்படித்தானே பிடித்தது? அதேபோல, தேவாலயத்தைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக எங்களை யாரும் நம்ப வேண்டியதில்லை. உலகெங்கும் திருச்சபைக்குள் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள் சிறியவை அல்ல. அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. பிள்ளையோடு பேசும்போது கதவு திறந்தே இருக்கும். அம்மாவுக்குத் தெரியாத பேச்சோ பரிசோ கிடையாது.

உதவ வருகிறவர்களிடம் நாங்கள் இப்போது முதலில் கேட்பது, அடுத்த வருஷமும் இதே ஊரில் இருப்பீர்களா என்பதைத்தான். உறுதியாகச் சொல்ல முடியாதவர்களைப் பிள்ளைகளிடம் அனுப்புவதில்லை. அவர்களுக்கும் வேலை உண்டு: சமூக நல இலாகாவுக்குப் பாரம் நிரப்ப, அரிசியும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குக் காரோட்ட ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. சிங்கப்பூர் வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர் ஒருவர் இப்போது அந்தப் பாட்டியைச் சோதனைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறார். அவர் கிளம்பும் நாளுக்கு முன்பே காருக்கு வேறொருவரைத் தேடியாக வேண்டும்.