முதியோர் இல்லத்தில் இருக்கும் தாயாருக்கு ஜகாத் கொடுக்கலாமா?

  



போன ரமளானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்த பிறகு ஒரு சகோதரர் வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் அல்ல, அதனால் யாராக இருக்கும் என்று யாரும் யோசிக்க வேண்டாம். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். எங்கம்மா மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டு வர்றேன். அதை ஜகாத்துல கழிச்சுக்கலாமா?"

கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன். மத்ரஸாவில் இரண்டாம் ஆண்டு ஓதுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பதில் அது. பெற்ற தாய் தகப்பனுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், நாம் பெற்ற பிள்ளைகளுக்கும் நம்முடைய ஜகாத் செல்லாது. காரணம் என்ன? தாய் ஏழையாக இருந்து மகன் வசதியுள்ளவனாக இருந்தால், தாயின் உணவு, உடை, இருப்பிடம், தேவைப்பட்டால் பணிவிடை செய்ய ஓர் ஆள், எல்லாமே மகன் மீது கடமை. மகள் வசதியாக இருந்தால் மகள் மீதும் கடமை என்று ஹனஃபி மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. இதற்கு 'நஃபகா' என்று பெயர். அது கடன். கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைத் தந்துவிட்டு, "ஏழைக்கு தர்மம் செய்தேன்" என்று கணக்கு எழுத முடியுமா?

அந்தச் சகோதரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி ஹஜ்ரத், அம்மா பணத்தைத் தனியாக் கட்டிடறேன். ஜகாத்தை அந்த இல்லத்துக்குக் கொடுக்கலாமா? அங்க மத்தவங்களும் இருக்காங்களே" என்றார்.

இந்த இரண்டாவது கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மஸ்அலா தெரியாமல் அல்ல. அந்த இடத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே மிம்பரில் நின்று, முதியோர் இல்லம் என்பதே இந்தச் சமுதாயத்துக்கு வெட்கக்கேடு என்று நானும் பேசியிருக்கிறேன். பேசிய நாள் வரை ஒரு முதியோர் இல்லத்தின் உள்ளே கால் வைத்ததில்லை.

பெருநாள் கழிந்து போய்ப் பார்த்தேன். அவருடைய தாயார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. திருவாதவூரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதும், கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்தார்கள். சின்ன வயதில் மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போனவர்களாம். கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டுகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பக்கத்துக் கட்டில்களிலும் அப்படித்தான். "வர்றவுக எல்லாரும் இதைத்தான் கொண்டாந்து தர்றாக. எங்களுக்கெல்லாம் சர்க்கரை இருக்குப்பா" என்று சிரித்தார்கள். பிறகு தயங்கித் தயங்கி, நகவெட்டி இருக்குமா என்று கேட்டார்கள். கால் நகம் வளர்ந்து மடங்கிச் சதையில் குத்தியிருந்தது. கிப்லா எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, உத்தேசமாக ஒரு பக்கம் பார்த்துத் தொழுதிருக்கிறார்கள்.

அந்த இல்லத்தை நான் குறை சொல்லவில்லை. இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள இரண்டே பெண்கள். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றுவதற்குள் பொழுது போய்விடுகிறது.

அங்கே இருந்தவர்களிடம் பேசிப் பார்த்தேன். மகன் கொண்டுவந்து விட்டவர்கள் சிலர். பிள்ளையே இல்லாதவர்கள் சிலர். கல்யாணமே ஆகாமல் தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக நின்ற ஒரு பெண்மணி. பெற்ற மகனை விபத்தில் மவ்த்துக்குக் கொடுத்துவிட்ட ஒரு பெரியவர். 'பெற்றோரை வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்ற என் பயானில் இவர்களுக்கு என்ன பதில் இருக்கிறது? ஒன்றுமே இல்லை.

நல்லடியார்களே, பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆவது வசனத்தை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பெற்றோரைச் 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்று அல்லாஹ் தடுக்கிற வசனம். அரபியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அல்லாஹ்வைத் தவிர வேறு யாரையும் வணங்கக் கூடாது என்ற கட்டளை பன்மையில் வருகிறது, 'நீங்கள்' என்று. பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பேச்சு ஒருமைக்கு மாறிவிடுகிறது: 'நீ'. அதிலும் 'இந்தக' என்று ஒரு சொல். உன்னிடத்தில் என்று பொருள். முதுமை உன்னிடத்தில் இருக்கும்போது அவர்களை அடைந்தால் என்று வருகிறது. ஊர் உன் சார்பில் இதைச் செய்யும் என்பதற்கு இந்த வாசகத்தில் இடமில்லை. இது ஃபர்ளு ஐன், தலைக்குத் தலை கடமை.

பிள்ளை இல்லாத முதியவர், கைவிடப்பட்டவர், இவர்களுடைய விஷயம் வேறு. அது ஃபர்ளு கிஃபாயா. ஜனாஸா தொழுகையைப் போல. ஊரில் சிலர் செய்தால் எல்லாருக்கும் கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுக்கக் குற்றவாளி. நாம் செய்கிற தவறு, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. ஒரு கூட்டம், 'என் பெற்றோரை நான் பார்க்கிறேன், முதியோர் இல்லத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்' என்று இருக்கிறது. இன்னொரு கூட்டம், பெற்ற தாயிடம் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள், இல்லத்துக்குப் போய் அன்னதானம் போட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிந்தியது ஷைத்தானுக்கு ரொம்பப் பிடித்த அமல் என்று நினைக்கிறேன்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஒரு நிகழ்ச்சியை, இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் கண் தெரியாத ஒரு முதியவர் பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறார். யூதர். எதற்காகக் கையேந்துகிறீர் என்று விசாரித்தால், ஜிஸ்யா வரி, செலவு, தள்ளாத வயது என்கிறார். உமர் (ரலி) அவர்கள் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய், இருந்ததைக் கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் அது தர்மம். பைத்துல்மால் பொறுப்பாளரை வரவழைத்து, இவரையும் இவர் போன்றவர்களையும் கவனியுங்கள், இவருடைய வாலிபத்தைத் தின்றுவிட்டு வயோதிகத்தில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம் என்ற கருத்தில் சொன்னார்கள். ஜகாத் யாருக்கு என்று சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தை ஓதிக் காட்டினார்கள். வரியையும் தள்ளுபடி செய்தார்கள்.

வாலிபத்தைத் தின்றோம்! இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த இல்லத்தில் இருக்கிற தாய்மார்கள் நட்ட நெல்லை நாம் சாப்பிட்டிருக்கிறோம். அங்கே ஒரு பெரியவர் கொத்தனார். அவர் கட்டிய சுவருக்குள் இன்றைக்கு யாரோ குடியிருக்கிறார்கள். அவருக்கு நாம் கொடுப்பது நம் கையின் தாராளம் என்று நினைத்தால், கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது.

மஸ்அலாவுக்கு வருவோம். ஜகாத்தை இல்லத்துக் கட்டடத்துக்கோ பணியாளர் சம்பளத்துக்கோ கொடுக்க முடியாது. தகுதியுள்ள ஏழையின் கையில், அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள ஏழை முஸ்லிம் முதியவருக்கு நேரடியாகவோ, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள அவர் பொறுப்புக் கொடுத்தவரிடமோ கொடுக்கலாம். மற்ற மதத்தவர்களுக்கு? பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்துப்படி ஜகாத் இல்லை, ஆனால் ஸதகா தாராளமாகக் கொடுக்கலாம். உமர் (ரலி) அவர்கள் அந்த முதியவருக்கு பைத்துல்மாலையே திறந்துவிட்டார்கள். எனவே ஜகாத்தை எண்ணி ஆள் பார்த்துக் கொடுங்கள். ஸதகாவுக்கு ஆள் பார்க்காதீர்கள். ஒரே அறையில் நான்கு கட்டில் இருக்கிறது, ஒருவருக்கு மட்டும் போர்வை கொடுத்துவிட்டு வர முடியுமா?

1896இல் இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் காலத்தில் 'தாருல் அஜஸா' என்று ஆதரவற்றோர் இல்லம் ஒன்று திறந்தார்கள். இயலாதவர்களின் வீடு என்று பொருள். அதே வளாகத்துக்குள் பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் மூன்றும் உண்டு. இன்றைக்கும் நடக்கிறது. நம் பக்கத்திலேயே பசுமலையில் கிறிஸ்தவ சகோதரர்கள் 'இன்ப இல்லம்' நடத்துகிறார்கள். மதுரையில் நாராயணன் கிருஷ்ணன் என்ற இளைஞர், நட்சத்திர ஓட்டலில் சமையல் வேலையில் இருந்தவர், 2002இல் தெருவில் ஒரு முதியவர் கிடந்த நிலையைப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். தெருவில் கிடந்தவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். சோற்றோடு சீப்பு, கத்தரிக்கோல், சவரக் கத்தியும் எடுத்துப் போய் முடி வெட்டிவிட்டார். அந்தக் கத்தரிக்கோல்தான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. சோறு தூரத்தில் நின்றும் போடலாம். முடி வெட்ட, நகம் வெட்ட, பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

வாகனத்தில் ஏற ஒருவருக்குக் கை கொடுப்பதும், அவருடைய சுமையைத் தூக்கி வைப்பதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் வருகிறது. பணம் இல்லாதவனுக்கு ஆறுதலாகச் சொன்ன ஹதீஸ் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பணம் உள்ளவனுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள் பார்வை இழந்த தம் முதிய தந்தை அபூ குஹாஃபாவை அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருக்கக் கூடாதா, நானே அவரிடம் வந்திருப்பேனே என்றார்கள் நபியவர்கள். அந்த ஊரை அன்றுதான் வெற்றி கொண்ட தலைவர், ஒரு கிழவரைத் தேடிப் போகத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

உலக விஷயம் ஒன்றிரண்டும் தெரிந்து வைத்திருங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. கைவிட்டு விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சொத்தை எழுதி வாங்கும்போது கவனிப்பேன் என்று நிபந்தனை இருந்து, பிறகு கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். 14567 என்ற எண் முதியோருக்கான உதவி எண். அரசு முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மனு எழுத, தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போக, ரேகை தேய்ந்துபோன விரலோடு மெஷின் முன்னால் நிற்கிறவருக்குத் துணை நிற்க ஆள் வேண்டும். படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஸதகா என்ன இருக்கிறது?

முதியோர் இல்லத்தில் பெற்றோரை விடுவதே ஹராமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தாயாரிடம் இதை நேராகக் கேட்டேன். மகன் வீட்டு மாடி ஏற முடியாது, மருமகளும் வேலைக்குப் போகிறாள், நானாகத்தான் சம்மதித்து வந்தேன் என்றார்கள். சம்மதத்தோடு, கவனிப்புக்காக விடுவதும், கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருவதும் ஒன்றல்ல. ஆனால் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பணம் சரியாக ஒன்றாம் தேதி வந்துவிடுகிறதாம். போன் எப்போது வரும் என்றுதான் தெரியாதாம். அந்த மகனிடம் ஜகாத்தின் சட்டத்தோடு இதையும் சொன்னேன். மூன்று மற்ற பெண்களின் மருந்துக்கு ஜகாத்தை அனுப்பினார். அம்மாவிடம் இப்போது தினமும் இஷாவுக்குப் பிறகு பேசுகிறார் என்று கேள்விப்படுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு அந்த இல்லத்துக்குப் போகிறோம். பள்ளிவாசல் முன்னாலிருந்து வேன் கிளம்பும், பன்னிரண்டு பேர் போகலாம். அங்கே பெண்கள்தான் அதிகம், அவர்களுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் வேண்டும். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பெயர் கொடுங்கள். பிஸ்கட் வேண்டாம். பெரியவர்களுக்கான டயப்பர், தேங்காயெண்ணெய், நல்ல நகவெட்டி இரண்டு மூன்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வரலாம். போட்டோ எடுக்கக் கூடாது என்று இல்லத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் அதையே கேட்கிறேன். வீட்டில் படுக்கையில் தாய் தகப்பன் இருப்பவர்கள் இந்த வேனில் ஏற வேண்டாம்.