திருத்தமும் வாய்மையும்

எழுதியதைத் திருத்துவது எழுத்தாளர் அனைவருக்கும் உரிய தொழிற்கடமை. வரலாற்று நாவல் எழுதுவோர்க்கோ அது அறக்கடமையும் ஆகிறது. மறைந்துபோன ஒரு தலைமுறையைப் பற்றி எழுதுங்கால், எழுந்து வந்து மறுத்துரைக்க இயலாத மனிதர்களுக்காக ஆசிரியன் பேசுகிறான். அவர்கள் பேசியதைவிடச் செம்மையாக அவர்களைப் பேசவைக்க அவனுக்கு உரிமை உண்டா? இவ்வினாவைச் சிந்திப்பதற்கு நாம் வாழும் தில்லி மாநகரிலேயே சிறந்ததொரு சான்று உண்டு.

இந்தி இலக்கியத்தில் தனியிடம் பெற்ற கிருஷ்ணா சோப்தி, இன்று பாகிஸ்தானில் உள்ள குஜராத் என்னும் நகரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர். பிரிவினைக்குப் பின் தில்லியில் வாழ்ந்து 2019-இல் மறைந்தவர். பழைய பஞ்சாபின் கிராம வாழ்வைப் பொருளாகக் கொண்டு ‘சன்னா’ என்னும் தம் முதல் நாவலை அவர் எழுதினார். 1952-இல் அது அலகாபாத்தில் அச்சேறியபோது, அவர் எழுதியிருந்த பஞ்சாபி, உருதுச் சொற்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் வடமொழிச் சொற்கள் அமர்ந்திருந்தன. அவர் நூலையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அச்சான படிகளை அழிக்கும் செலவையும் தாமே ஏற்றார். அப்போது அவருக்கு வயது 27.

திருத்தியவர்கள் தீங்கு கருதினார்கள் என்று கொள்ள வேண்டுவதில்லை. பல மாநிலத்து வாசகர்க்கும் விளங்கட்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் பஞ்சாபி உழவன் ஒருவன் பண்டிதர் மொழியில் தன் வயலைப் பற்றிப் பேசுவானாயின், அந்த வயலும் அவனுடையதாக இராது. அவனும் அவ்வூரானாக இரான். சொல் தூய்மை பெறலாம்; செய்தி பொய்யாகிவிடும்.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிறர் சொற்களை மாற்றியதைப் பொறாத அதே ஆசிரியர், பின்னாளில் தில்லி ராஜ்கமல் பதிப்பகத்தின் ஷீலா சந்து அவர்கள் தூண்டியதன் பேரில் அக்கையெழுத்துப் படியை எடுத்து, பெரும்பகுதியைத் தாமே மாற்றி எழுதினார். 27 ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், அது ‘ஜிந்தகிநாமா’ என வெளிவந்தது. மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. ‘ஜிந்தா ருக்’ என்பது அதன் துணைத்தலைப்பு. உயிருள்ள மரம் என்று பொருள். அங்கும் ‘விருட்சம்’ வரவில்லை. பஞ்சாபி மக்களின் ‘ருக்’கே நின்றது.

இது முரண்பாடாகுமா? ஆகாது. தம் வாக்கியங்களின்மீது கொண்ட பற்றினால் அவர் மறுத்திருந்தால், பின்னர் அவற்றைத் தாமே கலைத்திருக்க மாட்டார். அவர் காத்தது தம் எழுத்தை அன்று, அம்மக்களின் பேச்சை. அதற்கு நெருங்கி வருவதற்காக எத்தனை முறை எழுதினாலும் தகும். அதைவிட்டு விலக்குவதாயின் ஒரு சொல் மாறுவதும் தகாது.

படிப்பவனுக்கு விளங்கவில்லையெனில் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. டால்ஸ்டாயும் இச்சிக்கலுக்கு ஆளானவர். ‘போரும் அமைதியும்’ நாவலில் உருசியப் பிரபுக்கள் பிரெஞ்சில் உரையாடினர். 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வுரையாடல்களை அவர் உருசிய மொழிக்கு மாற்றினார். 1886-ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சு மீண்டும் இடம்பெற்றது. படிப்பது எளிதானபோது, தம் மக்களின் மொழியை விட்டு விலகி நின்ற ஒரு வர்க்கத்தின் சாயல் மங்கிற்று. நம் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபின், மேலும் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு அடுத்த பதிப்புகளைத் திருத்தினார். விளங்காத சொல்லை அகற்றி, விளங்கும் சொல்லைத் தாமே இட்டு நிரப்பும் எளிய வழியை அவர் நாடவில்லை. விளக்கம் தருவது பதிப்பாசிரியன் கடமை. மூலத்தை மாற்றுவது அன்று.

இவையெல்லாம் எழுத்தாளர்க்கு மட்டும் உரியன என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. ஊரைவிட்டு வந்து தலைநகரில் குடியேறிய நாம் ஒவ்வொருவரும் நம் மக்களுக்கு ஒரு வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்கு விளங்காது என்று ரேழியையும் குதிரையும் விட்டுவிடுகிறோம். மதிப்புக் குறையும் என்று, விற்ற நிலத்தையும் பட்ட கடனையும் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை மெருகேறுகிறது. பாட்டனார் அடையாளம் தெரியாதவராகிறார்.

குதிர் என்றால் என்ன என்று குழந்தை கேட்கட்டும். நெல் சேர்த்துவைத்த மண்கூடு என்று சொல்வோம். அது ஏன் காலியாயிற்று என்று அடுத்துக் கேட்கும். அதற்கும் உள்ளவாறே விடை சொல்வதுதான் முன்னோர்க்கு நாம் செலுத்தும் கடன்.