இமையாத இலச்சினை

நார்வே நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள வார்டோ நகரம் தன் கேடயச் சின்னத்தில் மீனைப் பொறித்திருக்கிறதென்றால், கடலை நம்பிப் பிழைக்கும் ஊரார் தம் ஜீவனத்துக்குச் செலுத்திய நன்றி அது என்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால் கடற்கரைக்கு நெடுந்தொலைவில், வையைக் கரையில் வீற்றிருந்து ஆண்ட பாண்டியன் கயலைக் கொடியாகக் கொண்டதன் தாத்பரியம் என்ன? கொற்கை முத்துத்துறை அவனுக்கு உரியதாயிருந்ததே காரணம் என்பாருண்டு. அது சரித்திரத்துக்குப் போதுமாயினும் சமயத்துக்குப் போதாது.

பாண்டி நாட்டுப் பழங்கோயில்களில் விதானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், இரு கயல்களும் அவற்றினிடையே ஒரு செண்டும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பதைச் சில இடங்களில் காண்பார்கள். செண்டு, சிவபெருமான் உக்கிரபாண்டியனுக்கு அளித்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் ஆயுதம். மேருவையே அடித்துப் பணியவைத்தது. கயலோ இமையற்ற பிராணி; தன் முட்டைகளை நோக்கினாலேயே பொரிக்கும் என்பது பழைய ஐதிகம்; மதுரை மீனாட்சியாகிய அங்கயற்கண்ணியின் கடாட்சம் உயிர்களைக் காக்கும் முறைக்கு அதனையே உவமையாக்கினர் பெரியோர். தண்டிக்கும் அதிகாரத்தின் இருமருங்கிலும் உறங்காத கருணைநோக்குக் காவலிருக்க வேண்டும் என்பதே அவ்விலச்சினையின் உட்பொருளென நான் கொள்கிறேன்.

அங்ஙனமாயின், சின்னம் அரசனுக்கு ஆபரணமா, அல்லது அவன் தலைமேல் அமர்ந்த நியாயாதிபதியா? சிலப்பதிகாரத்து நெடுஞ்செழியனை எந்தப் பகைவனும் வீழ்த்தவில்லை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றுக் கோவலனைக் கொல்வித்தவன், கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த கணத்தில், தன் கோல் வளைந்ததைத் தானே உணர்ந்து உயிர்துறந்தான். இமையாத கண்ணைக் கொடியிலேற்றியவன் ஒரு பொழுது பாராதிருந்தது எத்துணைப் பெரிய அபராதம் என்பதை அவன் அறிந்திருந்தான். அந்த அறிவினாலேயே அவன் நம் மரியாதைக்கு உரியவனாகிறான்.

சோழர் பாண்டி நாட்டை வென்றபோது, இராசேந்திரன் முதலியோரின் செப்பேட்டு முத்திரைகளில் புலியின் அருகே இணைக்கயலும் இடம்பெற்றது. வெற்றிப் பொருளாகக் கொண்டுபோனவர்கள் அதன் கடமையையும் கொண்டுபோனார்களா என்பது வேறு விஷயம். பாண்டிய வமிசம் மறைந்து பல நூற்றாண்டுகளாகியும், சித்திரைத் திருவிழாவின் பட்டாபிஷேகத்தில் பாண்டியர் குலமாலையாகிய வேப்பம்பூ மாலை சூடி, இரத்தினச் செங்கோல் ஏந்தி, அங்கயற்கண்ணியே நகருக்கு அரசியாகிறாள். ஆவணியில் சுந்தரேசர் முடிசூடும்வரை ஆட்சி அவளுடையதென்பது சம்பிரதாயம். அரசுரிமை முதலிலிருந்தே அந்தக் கண்ணுக்குரியது, கயற்கொடி பிடித்த மன்னர் யாவரும் அவள் சார்பில் அதனைச் சிறிது காலம் ஏந்திநின்ற காரியஸ்தரே என்பது என் துணிபு.