வாழ்ந்த ஆண்டுகளின் உரிமை

ஒரு நாட்டில் வாழும் மனிதனை அயலான் ஆக்குவது எது? அவன் பேசும் மொழியா, பிறந்த மண்ணா, கையில் வைத்திருக்கும் தாளா? சட்டம் பெரும்பாலும் தாளையே நோக்குகின்றது. தாளைத் தருவதும் திரும்பப் பெறுவதும் ஆட்சியாளர் கையில் இருப்பதால், நேற்று முறையாக வாழ்ந்தவன் இன்று முறையின்றித் தங்கியவன் ஆகிவிடுகின்றான். அவன் ஓர் அடியும் நகரவில்லை; விதி நகர்ந்துவிட்டது. அப்படி நகரும் விதியின் முன், அவன் வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? நாம் சிந்திக்க வேண்டிய அறக்கேள்வி இதுவே.

கோடுகள் நகர்வது திருத்தணிக்குப் புதிதன்று. 1888-இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இங்கே பிறந்தபோது இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தின் ஊராயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று வளர்த்த வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டம். இன்று திருவள்ளூர் மாவட்டம். இத்தனை மாற்றத்திலும் தெலுங்கு பேசும் வீட்டார் எவரும் இங்கே அயலார் ஆகவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வரும் ஆந்திர அடியாரை எல்லையில் நிறுத்தி அனுமதிச் சீட்டுக் கேட்பாரும் இல்லை. கோடு மாறியது, குடியுரிமை மாறவில்லை.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது வேறு. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த ஏறத்தாழ 7 இலட்சம் தமிழர், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பண்டசாலைச் சரக்கைப் பங்கிடுவதுபோல் மனிதர் பங்கிடப்பட்டனர். 1984-இல் இராமேசுவரம் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தோர் பலர் தாம் பிறந்த தோட்டத்திலேயே அயல்நாட்டவராகத் தங்கிப்போயினர். 2003-இல் இயற்றப்பட்ட சட்டமே அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமையின் வாயிலைத் திறந்தது.

இது அயல்நாட்டின் குறை என்று சொல்லி நாம் அமைதி கொள்ள இயலாது. நம் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்தோரும் அவர்தம் மக்களும் அங்கே வாழ்கின்றனர். தமிழகம் முழுவதிலும் 2021-இல் முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். அவ்வாண்டே அவை 'மறுவாழ்வு முகாம்கள்' என்று பெயர் மாற்றம் பெற்றன. ஆயினும் அங்கே பிறந்த குழந்தையின் நிலை பெயரால் மாறவில்லை. 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் ஆக, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது. ஆதலால் இம்மண்ணில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, வேறெந்த ஊரையும் கண்டிராத இளைஞன் சட்டத்தின் கண்ணில் அயலானே. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டத்தை ஒட்டி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. அது நல்லதே. ஆனால் தண்டியாமல் விடுவது வேறு. உரியவன் என்று ஏற்பது வேறு.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வருவோரையெல்லாம் ஏற்க எந்த நாட்டால் இயலும்? 2025 மே மாதத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகின் அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க இந்தியா ஒரு தரும சத்திரமன்று என்னும் கருத்தை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வெளியிட்டனர். இதனைப் புறந்தள்ளுதல் தகாது. குடியேற்றத்தை நெறிப்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டு, வந்தவர் அந்நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றே திருச்சபையின் மறைக்கல்வியும் கூறுகின்றது. இயன்ற அளவு ஏற்பது வளமுள்ள நாடுகளின் கடமை என்பதையும் அது உடன் சொல்கின்றது.

எனினும், சத்திரத்தின் வாயிலில் நிற்பவனுக்கும் உள்ளே நாற்பது ஆண்டுகள் வாழ விடப்பட்டவனுக்கும் வேறுபாடு இல்லையா? வாயிலில் நிற்பவனிடம் இடமில்லை என்று சொல்லலாம். உள்ளே வாழ்ந்தவனோ நம் இசைவை நம்பி மணம் புரிந்தான், தொழில் கற்றான், பெற்றோரை இங்கேயே அடக்கம் செய்தான். நாம் தந்த காலம் அவனுள் வாழ்க்கையாக வளர்ந்துவிட்டது. காலத்தைத் தந்தவர், அதில் விளைந்த வாழ்க்கைக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று எவ்வாறு கூற முடியும்? விதி மாறலாம், ஆனால் பழைய விதியை நம்பியவன் அதனால் வேரறுக்கப்படலாகாது. போதிய காலமும், தன் வழக்கைச் சொல்லும் வாய்ப்பும், நெடுங்காலம் வாழ்ந்தோர்க்கு நிலைத்த உரிமைக்கான ஒரு வழியும் நீதியின் குறைந்த அளவுகள்.

இவ்வளவை நமக்காக நாம் கேட்கத் தயங்குவதில்லை. சவூதி அரேபியா 2011-இல் கொணர்ந்த நிதாகத் திட்டப்படி, தன் குடிமக்களை உரிய விகிதத்தில் அமர்த்தாத நிறுவனங்கள் அயல்நாட்டு ஊழியரின் அனுமதியைப் புதுப்பிக்க இயலாமற் போயிற்று. அங்கே உழைத்த நம் பிள்ளைகளுக்காக நம் வீடுகள் கலங்கின. இத்தனை ஆண்டு உழைத்தவனை இப்படியா அனுப்புவது என்று கேட்டோம். அக்கேள்வி நியாயமானதே. ஜித்தாவில் நியாயமானது கும்மிடிப்பூண்டியில் நியாயமற்றது ஆகுமா?

பஞ்சக் காலத்தில் மன்னனின் இசைவோடு எகிப்தில் குடியேறிய யாக்கோபின் குடும்பத்தை விவிலியம் காட்டுகின்றது. தலைமுறைகள் சென்றபின் அரியணை ஏறிய மற்றொரு மன்னனுக்குப் பழைய நன்றி நினைவில் இல்லை. விருந்தினர் அடிமைகள் ஆயினர். அந்நியனை ஒடுக்கலாகாது என்று பின்னர் இஸ்ரயேலருக்குத் தரப்பட்ட சட்டம் அந்த நினைவையே காரணமாகக் காட்டுகின்றது. பட்டறிந்த மக்களுக்குப் பிறர் துயர் விளங்கும் என்பது அதன் எதிர்பார்ப்பு.

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். முகாமிலிருந்து வரும் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு தருவதும், தகுதியுள்ள இளைஞனுக்கு வேலை தருவதும், இங்கே பிறந்த குழந்தையை அகதி என்று அழையாதிருப்பதும் நம் கையில் உள்ளன. வாக்குக் கேட்டு வருவோரிடம் இவர்களுடைய குடியுரிமை குறித்து வினவுவதும் நம் கையிலேயே உள்ளது. அந்த வினாவை அவர்கள் கேட்க இயலாது; அவர்களுக்கு வாக்கு இல்லை.