வாடகை பேசிய வாக்கும் அமானிதமே

ஆலங்குளத்தில் ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். சந்தைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஓடுவது அவர் தொழில். மூன்று புரோக்கர்களிடம் லோடு கேட்கிறார்.

"ஹஜ்ரத்! ஒருவருக்கு வண்டி தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் ஆயிரம் ரூபாய் கூட்டித் தருகிறேன் என்கிறார். முதலாமவரோ வியாபாரியிடம் வாங்கும் வாடகையை மறைத்து எனக்குக் குறைத்துத் தருபவர். அவருக்கு நான் ஏன் வாக்குக் காக்க வேண்டும்?" என்று கேட்டார்.

ஆயிரம் ரூபாய் அவருக்குச் சிறு தொகையல்ல. வண்டித் தவணை, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவே அவர் கேள்வியை நாம் அலட்சியம் செய்யலாகாது.

தரகுத் தொழில் ஆகாத தொழிலல்ல. தரகர் கூலியில் தவறில்லை என்று இப்னு ஸீரீன், அதாஃ, ஹஸன் (ரஹ்) போன்றோர் கருதியதாகப் புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. தரகர்கள் என்று அழைக்கப்பட்டு வந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் வணிகர்கள் என்று கண்ணியமாக விளித்தார்கள். வணிகத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனுடன் தர்மத்தையும் கலக்கும்படி உபதேசித்தார்கள். அபூதாவூதில் இது வருகிறது.

மூன்று பேரிடம் விசாரிப்பதும் குற்றமல்ல. பேச்சு முடியாதவரை எந்த வாடகை நல்லதென்று பார்ப்பது வியாபாரியின் உரிமை. ஆனால் 'வருகிறேன்' என்று சொன்னதும் நிலை மாறிவிடுகிறது. அல் மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. வாக்குறுதியைப் பற்றி விசாரணை உண்டென்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த வாக்கை நம்பித்தான் தக்காளியும் கத்தரிக்காயும் மூட்டையாகி நிற்கின்றன. வண்டி வராவிட்டால் அழுகுவது புரோக்கரின் கமிஷன் மட்டுமல்ல. விவசாயியின் உழைப்பும் சேர்ந்தே அழுகுகிறது.

முதலாமவர் மறைக்கிறாரே என்றால், இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ன விலைக்கு விற்றுத் தா, மேல் வருவது உனக்கு என்று உடையவரே சொன்னால் தவறில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கருத்து. கூலி இன்னதென்று தெரியவில்லையே என்று அதையும் ஏற்காத இமாம்கள் உண்டு. தெரிந்து சம்மதித்ததிலேயே இத்தனை பேணுதல் என்றால், கேட்கும்போது பொய் சொல்லி மறைப்பது எவ்வளவு பெரிய பாவம்! அந்தப் பாவம் புரோக்கருடையது. அதைக் காட்டி நாம் வாக்கை முறித்தால், இரண்டாவது பாவம் நம்முடையதாகிவிடும். நமக்குத் துரோகம் செய்தவனுக்கும் துரோகம் செய்யாதே என்பது நபிமொழி.

அப்படியானால் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. அடுத்த நடைக்கு முன் கமிஷன் எவ்வளவென்று பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் வெளிப்படையாக விலகிவிடலாம். வண்டி பழுதானால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் செல்போனை அணைத்துவிடுவதுதான் முஃமினுக்கு ஆகாதது.

பேசி முடித்த வண்டியைக் கூடுதல் காசு காட்டி இழுக்கும் புரோக்கரும் யோசிக்கட்டும். சகோதரன் முடித்த வியாபாரத்தின் மேல் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 1865இலும் 2007இலும் சட்டங்கள் வந்தன. ரசீதையும் பதிவையும் அரசாங்கம் கேட்கும். இரவில் போனில் சொன்ன ஒரு வார்த்தையை யார் கேட்பார்? அதைக் கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதுதானே நம் ஈமான்!

அந்தச் சகோதரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதலாமவருக்கே வண்டியை விடுகிறேன். ஆனால் நாளைக்குக் கமிஷனைக் கேட்டே தீருவேன்" என்றார். அவர் இழந்த ஆயிரத்துக்குப் பகரமாக அல்லாஹ் அவருடைய ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.