உள்ளது அழியாதென்றால் இழப்பு எது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து இரும்பாலைகளில் உலையை விட்டு வரும் சூடான வாயு குழாய் வழியே போகிறது. போகிற வழியில் எவ்வளவு வெப்பம் இழப்பாகிறது என்பது பொறியாளரின் அன்றாடக் கணக்கு. வினாடிக்கு 1 கிலோ காற்று 400 டிகிரி செல்சியஸில் நுழைந்து 350 டிகிரியில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையையும் தன்வெப்பத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கினால் இழப்பு சுமார் 53 கிலோவாட். ஆனால் இந்த 53 கிலோவாட்டில் இம்மியும் அழியவில்லை. குழாய்ச் சுவரையும் ராக்வூல் வெப்பக்காப்பு உறையையும் கடந்து ஆலைக் கொட்டகையின் காற்றில் கலந்திருக்கிறது, அவ்வளவே. அழியாத ஒன்றை இழந்தோம் என்று எப்படிச் சொல்கிறோம்?

உள்ளது அழியாது என்ற பேச்சு தத்துவத்திலும் உண்டு. சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்கிறது. இல்லாதது தோன்றாது, இருப்பது இல்லாமற்போகாது. உலகம் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்கும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே இந்தத் தோற்ற ஒடுக்கத்தைப் பற்றியதுதான். ஆற்றல் அழியாது என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியைக் காட்டி, இதைத்தானே நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது அவசர முடிவு. அதே இயலுக்கு இரண்டாம் விதியும் உண்டு. வெளிக்காற்று 35 டிகிரி என்றால், அந்த 53 கிலோவாட்டில் ஏறத்தாழ 28 கிலோவாட்டை, கொள்கையளவில், வேலையாக மாற்றியிருக்கலாம். வெளிக்காற்றோடு கலந்து ஆறிய பிறகு அதிலிருந்து எந்த வேலையும் வாங்க முடியாது. அளவு குறையவில்லை, வேலைக்கு உதவும் தன்மை போய்விட்டது. சித்தாந்தம் சொல்லும் ஒடுக்கம் மறுபடி தோன்றுவதற்கு முந்தைய இளைப்பாறல். காற்றில் கலந்த வெப்பமோ தானாகக் குழாய்க்குத் திரும்புவதில்லை.

இழப்பு என்பதே மனித விருப்பம் சூட்டிய பெயர்தானே என்று கேட்கலாம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இயங்கும் முனையத்துக்கு இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வந்து இறங்குகிறது. அங்கே குழாய்க்குள் வெப்பம் நுழைவதுதான் தொல்லை. நுழைந்தால் திரவம் கொதித்து ஆவியாகும். ஓரிடத்தில் வெப்பம் போனால் நட்டம், மற்றோரிடத்தில் வந்தால் நட்டம். பெயர் நம்முடையது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு இடத்திலும் வெப்பம் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கே ஓடுகிறது; அந்தத் திசை யாருடைய விருப்பத்தையும் கேட்பதில்லை.

சித்தாந்தியின் மறுப்பு இதைவிட வலுவானது. சடப்பொருள் தானாக மீளாது, அதனால்தான் அதை இயக்கும் நிமித்த காரணனாக இறைவன் வேண்டும் என்கிறோம் என்பார் அவர். சிதறிய வெப்பத்தை எந்திரம் கொண்டு மீண்டும் உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றலாம் என்பதும் அவருக்குச் சாதகமாகவே தோன்றும். ஆனால் அந்த எந்திரம் மின்சாரம் தின்கிறது. ஓரிடத்தில் மீட்டதற்கு வேறோரிடத்தில் கூடுதலாகவே விலை கொடுக்கிறோம். சித்தாந்தத்தின் இறைவனோ தான் விகாரப்படாமல், எதையும் செலவிடாமல் உலகைத் தோற்றுவிப்பவன். உலகத்துக்குள் அளந்து கண்ட விதி அப்படிப்பட்டவனை மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. சற்காரியவாதம் தன் சொந்தத் தர்க்கத்தில் நிற்கக்கூடியது. முதல் விதியைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற விரும்புகிறவர்கள் இரண்டாம் விதியின் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்; இதுவரை மேடைகளில் அந்தப் பதில் வரவில்லை.